நரியார் போட்ட கோடைச் சுற்றுலாத் திட்டம்

நாவல் குட்டையின் கரையில் முரசி என்றொரு ஆட்காட்டிக் குருவி வாழ்ந்தாள். மஞ்சள் நிறத்தில் நீளக் கால்கள். கண்ணோரம் சிவப்புச் சதை. தொண்டையோ, ஊரையே எழுப்பும் தொண்டை!

புதரில் ஒரு சருகு அசைந்தால் போதும். "யாரது? யாரது அங்கே? வெளியே வா!" என்று கத்திக்கொண்டு எழும்புவாள். அந்தச் சத்தம் கேட்டதும் நாமக்கோழிகள் நாணலுக்குள் பதுங்கும். முயல்கள் வளைக்குள் பாயும். சேற்றில் கிடக்கும் எருமை செவ்வந்தி கொம்பை ஆட்டிக்கொண்டு எழுந்து நிற்பாள். வந்தது நரியாக இருந்தால், வந்த வழியே திரும்பிப் போகும்.

இப்படி ஊரையே காப்பாற்றிய முரசிக்கு ஊர் வைத்த பெயர் என்ன தெரியுமா? வாயாடி! உண்மையைச் சத்தமாகச் சொன்னால் வாயாடி. பொய்யை மெதுவாகச் சொன்னால் பண்பாளர். நாவல் குட்டையின் நியாயம் அப்படித்தான் இருந்தது.

கத்திரி வெயில் தொடங்கிய நேரம். குட்டை பாதியாகச் சுருங்கிவிட்டது. வடகரைச் சரளை மேட்டில் முரசி நான்கு முட்டைகள் இட்டிருந்தாள். கூடு என்று எதுவும் கிடையாது. தரையில் ஒரு சின்னக் குழி, சுற்றிலும் கூழாங்கற்கள், அவ்வளவுதான். முட்டைகளுக்கும் கூழாங்கல் நிறம். பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாலும் எது கல், எது முட்டை என்று தெரியாது.

மற்ற பறவைகள் முட்டையைச் சூடாக்க உட்காரும். கோடையில் ஆட்காட்டிகள் முட்டையைக் குளிர வைக்க உட்காரும்! ஒருவர் அடை காப்பார். மற்றவர் குட்டைக்குப் போய், வயிற்று இறகைத் தண்ணீரில் நன்றாக ஊற வைத்துக்கொண்டு ஓடி வருவார். ஈர வயிற்றோடு இவர் உட்கார, அவர் தண்ணீருக்கு ஓடுவார். வெயில் சாயும்வரை மாறி மாறி இதே ஓட்டம்தான். உச்சி வெயிலில் கொஞ்சம் தாமதித்தாலும் உள்ளே இருக்கும் குஞ்சுகள் வெந்துவிடும்.

முரசியும் அவள் கணவன் தளுக்கனும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். குஞ்சு பொரிய இன்னும் சில நாட்களே இருந்தன.

கருவேலம்புதரில் குடியிருந்த நரியாருக்கும் அது பசிக்காலம். எலிகள் எல்லாம் மண்ணுக்குள் ஆழமாகப் போய்விட்டன. சரளை மேட்டில் முட்டை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எந்த இடத்தில் என்றுதான் தெரியாது. தேடலாம் என்று காலெடுத்து வைத்தால் முரசி கத்துகிறாள். முரசி கத்தினால் செவ்வந்தி வருகிறாள். செவ்வந்தி வந்தால் கூடவே கொம்பும் வருகிறது.

'முதலில் ஊரைக் காலி செய்ய வேண்டும்' என்று நரியார் முடிவு செய்தார்.

அடுத்த நாள் விடிந்ததும் நாவல் மரத்தடியில் கூட்டம் கூட்டினார். செவ்வந்தியின் கொம்பு எட்டாத தூரமாகப் பார்த்து நின்றுகொண்டார். வெயில் ஏறாத நேரம் என்பதால் முரசியும் தளுக்கனும் முட்டையை விட்டு எழுந்து வந்திருந்தார்கள். நரியார் மேல் ஒரு கண்ணும், சரளை மேட்டின் மேல் ஒரு கண்ணுமாக நின்றார்கள். சரியாகச் சொல்லப்போனால், முரசி அப்படி நின்றாள். தளுக்கனின் இரண்டு கண்ணும் நரியார் மேலேயே இருந்தன.

"அக்கா, அண்ணா, தங்கச்சிங்களே!" என்று நரியார் உருகினார். "இந்த வெயில்ல இப்படிக் கிடந்து வேகணும்னு நமக்கு என்ன தலையெழுத்து? ஒரே ஒரு நாள், எல்லாருமா சேர்ந்து ஒரு கோடைச் சுற்றுலா போனா என்ன?"

"சுற்றுலாவா! எங்கே? மலைக்கா?" என்று முயல்கள் துள்ளின.

"மலை எதுக்கு? போய்ச் சேர்றதுக்குள்ள கால் தேஞ்சிடும். எல்லாம் பக்கத்துலதான்! காலையில கிளம்பினா பொழுது சாயறதுக்குள்ள வீடு! முதல்ல ஈச்சந்தோப்பு. பழம் தானா வாயில வந்து விழும். அப்புறம் நம்ம குட்டையோட கீழ்மூலை. சேறு பஞ்சு மெத்தை மாதிரி! அதைத் தாண்டினா காத்துப்பாறை. உக்காந்தா குளுகுளுன்னு இருக்கும். கடைசியா ஓடை மடு! மருத மரத்து நிழல், கழுத்தளவு தண்ணி!"

நரியார் பகலில் தூங்குகிறவர். அவர் சொன்ன இடங்களில் ஒன்றைக்கூட அவர் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. பார்க்காத இடத்தை வர்ணிப்பதுதான் எளிது. உண்மை குறுக்கே வந்து தொந்தரவு செய்யாது!

"மடுவுல சேறு இருக்குமா?" என்று செவ்வந்தி அசைபோட்டபடி கேட்டாள். "எனக்குச் சேறும் வேணும், தண்ணியும் வேணும், யாரும் என்கிட்ட பேசவும் கூடாது."

"உங்களுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இடம் அக்கா!"

ஆமை அண்ணாச்சி தலையை மெல்ல வெளியே நீட்டினார். "எனக்கு ஒரு சந்தேகம். போன கோடையில சுற்றுலான்னு கிளம்பினேன். இன்னும் பாதி வழியிலதான் இருக்கேன். இதுவும் அதுவும் ஒண்ணா, வேறயா?"

"ஒண்ணாவே வச்சுக்குங்க அண்ணாச்சி! திட்டம் ஒண்ணும் கெட்டுடாது!"

"ஒரு கேள்வி!" என்றாள் முரசி.

"ஆரம்பிச்சுட்டா!" என்று நாமக்கோழிகள் பெருமூச்சு விட்டன.

"எல்லாரும் போயிட்டா இங்கே யார் இருப்பாங்க?"

"நான் இருப்பேனே தங்கச்சி! உங்க வீடு, வாசல், முட்டை, குஞ்சு எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன். நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க."

"பார்த்துக்கறதுன்னா எப்படி? கண்ணாலயா, வாயாலயா?"

முயல்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நரியார் முகத்தைத் தொங்கப்போட்டார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"பாவம் முரசி, அவர் மனசு நோகுது பாரு" என்றாள் செவ்வந்தி.

"அவர் மனசு நோகறது உங்களுக்குத் தெரியுது அக்கா. மழைக்காலத்துல ஒரு முயல்குட்டி காணாமப் போச்சே, அதுக்கு எங்கெங்க நொந்திருக்கும்னு யோசிச்சீங்களா?"

"எதுக்கெடுத்தாலும் வாதம்!" என்று நாமக்கோழிகள் கொக்கரித்தன. "ஒரு நாள் சந்தோஷமா இருக்க விடறாளா பாரு!"

"சந்தோஷமா இருக்க வேண்டாம்னு நான் சொல்லவே இல்லை! முறை வச்சுப் போவோம். பாதிப் பேர் இன்னிக்கு, மீதிப் பேர் நாளைக்கு. கரையில எப்பவும் யாராவது இருக்கட்டும். இதுல என்ன தப்பு? சொல்லுங்க!"

அதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் யாரும் பதில் சொல்லவில்லை. "இவ குரல் இருக்கே..." என்று மட்டும் யாரோ முணுமுணுத்தார்கள்.

நரியார் சட்டென்று பேச்சை மாற்றினார். "தங்கச்சி சொல்றதும் நியாயம்தான். அப்படின்னா தங்கச்சியே இங்கே இருக்கட்டும்! நானும் உங்க பின்னாலயே வரேன். யாரும் வழி தவறிடாம பார்த்துக்கறேன். ஆனா முன்னால போறதுக்கு ஒரு தலைவர் வேணுமே? மேலேர்ந்து வழி பார்க்கத் தெரிஞ்சவரா, கம்பீரமா..." நரியார் சுற்றும் முற்றும் தேடுவதுபோல் பார்த்தார். "அட, மச்சான்! தளுக்கன் மச்சான்! உங்களை விட்டா வேற யாரு?"

தளுக்கனின் நெஞ்சு இரண்டு மடங்கானது. அவனை இதுவரை யாரும் எதற்கும் தலைவனாக்கியதில்லை.

முரசி அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். "ஏங்க! நீங்க போனா முட்டையை நனைக்கிறது யாரு?"

"மெதுவா பேசு முரசி. நாலு பேர் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்! நான் உக்காந்தா தண்ணிக்கு யார் போறது? தண்ணிக்குப் போனா யார் உக்கார்றது?"

"அரை நாள்தானே? அதுவும் பக்கத்துலதான். கூப்பிட்டா கேட்கற தூரம்!"

"கேட்கும் சரி. வருவீங்களா?"

"என்ன பேச்சு இது! வராம இருப்பேனா? இத பாரு, நான் முன்னால போய் இடத்தைப் பார்த்துட்டு வந்தா, குஞ்சு பொரிஞ்சதும் உன்னைக் கூட்டிட்டுப் போக வசதியா இருக்கும்ல? எல்லாம் உனக்காகத்தான்!"

"எனக்காக நீங்க மடுவுல குளிக்கப் போறீங்க. அப்படித்தானே?"

தளுக்கனிடம் இதற்குப் பதில் இல்லை. ஆனால் பதவி இருந்தது. "எல்லாரும் வரிசையா வாங்க!" என்று கூவிக்கொண்டே பறந்தான்.

முரசிக்கு ஆசை இல்லாமல் இல்லை. மருத மரத்து நிழலில் வயிறு நனையக் கிடக்க வேண்டும், யார் மேலும் ஒரு கண் வைக்காமல் கொஞ்ச நேரம் தூங்க வேண்டும் என்று அவளுக்கும்தான் ஏக்கம். ஆனால் 'முட்டையை நான் பார்க்கிறேன், நீ போய் வா' என்று அந்த ஊரிலேயே அவளிடம் சொன்ன ஒரே ஆள் நரியார்! இதைவிட அநியாயம் உண்டா?

ஊர்வலம் கிளம்பிப் போனது. நரியாரும் வால் ஆட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். பாதை வளைவு வரைக்கும் போனார். எல்லாரும் மறைந்ததும் திரும்பி வந்துவிட்டார்.

முரசி அதைப் பார்த்தாள். முட்டையை விட்டுக் குனிந்தபடியே ஓடி, தள்ளிப் போய், வானத்தில் எழும்பி, தொண்டை கிழியக் கத்தினாள். "வாங்க! ஓடி வாங்க! நரி திரும்பிடுச்சு!"

யாரும் வரவில்லை. தளுக்கனும் வரவில்லை.

தெற்குப் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி நரியாரின் பார்வையைத் திருப்பிவிட்டு, மறைவாக இறங்கி, ஓசையில்லாமல் ஓடி வந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

உச்சிப்பொழுது வந்தது. சரளை மேடு தோசைக்கல்லாகக் கொதித்தது. மேட்டின் ஓரத்தில் கருவேல நிழலில் நரியார் சாவகாசமாகப் படுத்திருந்தார். முன்னங்கால்களில் மோவாயை வைத்துக்கொண்டு மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கானல் அலையில் கற்களுக்கு நடுவே முரசியும் ஒரு கல்லாகத்தான் தெரிந்தாள். அவள் எழுந்தால் போதும். எங்கிருந்து எழுந்தாள், எங்கே திரும்பி வந்து உட்கார்ந்தாள் என்று பார்த்தால் போதும். முட்டை இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

முரசியின் வயிற்று இறகு காய்ந்துவிட்டது. எழுந்து தண்ணீருக்குப் போனால் நரி பார்த்துவிடும். போகாவிட்டால் முட்டை வெந்துவிடும்.

நரியாருக்குப் பொறுமை குறைந்தது. முரசியைப் பேச வைத்தாலாவது இடம் தெரியும் என்று நினைத்தார்.

"தங்கச்சி!" என்று பொதுவாகக் குரல் கொடுத்தார். "நான் என்ன நினைக்கிறேன்னா, உலகத்துலயே ரொம்பச் சுறுசுறுப்பானது எருமைதான். நீ என்ன சொல்றே?"

முரசி வாயைத் திறக்கவில்லை.

"சத்தம் போட்டுப் பேசறவங்களுக்கு அறிவு கம்மின்னு பெரியவங்க சொல்றாங்க. சரிதானே?"

முரசியின் கழுத்து இறகு சிலிர்த்தது. அலகை இறுக்கிக்கொண்டாள்.

"இந்த அடைகாக்கறது இருக்கே," என்று நரியார் கொட்டாவி விட்டார், "அது ஒரு வேலையே இல்லை. சும்மா உக்காந்திருக்கறதுதானே!"

சும்மாவா! முரசியின் தொண்டைக்குள் நூறு பதில்கள் முட்டி மோதின. வெயில்கூட அவளை அப்படிச் சுடவில்லை. ஆனாலும் அடியில் நான்கு முட்டைகள் இருந்தன. நூறு பதில்களையும் விழுங்கினாள். முரசி ஒரு வாதத்தில் பதில் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அந்த நேரத்தில் பக்கத்தில் 'சரக், சரக்' என்று ஓசை கேட்டது. ஆமை அண்ணாச்சி! காலையில் எல்லாரோடும்தான் கிளம்பினார். கொஞ்ச தூரத்திலேயே வெயில் தாங்காமல் திரும்பி, குட்டையில் ஒரு முங்கு முங்கிவிட்டு, மறுபடி கிளம்பியிருந்தார். ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சரளை மேட்டைக் கடந்துகொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, இன்னும் கிளம்பலையா?" என்று நரியார் தூரத்திலிருந்து கேட்டார்.

"கிளம்பிட்டேனே! போயிட்டேதான் இருக்கேன்!"

அவர் தன்னருகில் வந்ததும் முரசி மெதுவாகப் பேசினாள். பிறந்ததிலிருந்து அவள் மெதுவாகப் பேசியதே இல்லை. எப்படிப் பேசுவது என்று யோசித்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி... இந்த முட்டைங்க மேல கொஞ்ச நேரம் நிழலா நிக்கறீங்களா? கால் ஊன்றும்போது மட்டும் பார்த்து. அசையவே கூடாது."

அண்ணாச்சி கண்ணைச் சிமிட்டினார். "நீதானா? குரலை வச்சு வேற யாரோன்னு நினைச்சேன். அசையாம நிக்கணும், அவ்வளவுதானே? அதுல என்னை யாரும் அடிச்சுக்க முடியாது. ஆனா என் சுற்றுலா?"

"இதையும் பாதி வழியில வச்சுக்குங்க அண்ணாச்சி."

நியாயமாகப் பட்டது அவருக்கு. முரசி அவர் மறைவில் விலகிக்கொள்ள, முட்டைகளுக்கு இந்தப் பக்கம் இரண்டு கால், அந்தப் பக்கம் இரண்டு கால் என்று மெல்ல ஊன்றி நின்றார். ஓட்டு நிழல் குழியை மூடியது. ஓட்டிலிருந்து சொட்டு சொட்டாக ஈரம் முட்டைகளின் மேல் விழுந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வெயிலில் களைத்து நிற்கும் ஓர் ஆமை, வேறொன்றும் இல்லை.

மேட்டின் பின்பக்கம் மழைத்தண்ணீர் அறுத்த பள்ளம் ஒன்று ஓடியது. முரசி ஆமையின் மறைவிலேயே நழுவி அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினாள். உடம்பைத் தாழ்த்தி ஓட்டமாக ஓடினாள். மேட்டின் மறுகோடியில், ஈச்சம்புதருக்குப் பக்கத்தில், வெளியே வந்தாள். வெறும் தரையில் இறகை விரித்து உட்கார்ந்தாள்.

"என் கண்ணுங்களா! என் செல்லங்களா! அம்மா எங்கேயும் போகமாட்டேன்!" என்று கூழாங்கற்களைக் கொஞ்சினாள். அதுவும் எப்படிப்பட்ட குரலில்! சேர்த்து வைத்திருந்த நூறு பதில்களின் சத்தமும் அதில் இருந்தது.

'அட, அங்கேயா இருந்தாள்!' நரியார் தரையோடு தரையாக ஊர்ந்து வந்தார். நெருங்கியதும் முரசி அலறிக்கொண்டு எழுந்தாள். ஒரு றெக்கையைத் தரையில் இழுத்தபடி நொண்டினாள்.

"ஐயோ, என் றெக்கை! வெயில்ல சுருண்டு போச்சே! பறக்க முடியலையே!"

நரியார் ஒரு நொடி நின்றார். இங்கே முட்டை. அங்கே பறவை. 'முட்டைக்குக் கால் கிடையாது, எங்கே போகப்போகிறது? இவளைப் பிடித்துவிட்டால் இனி எப்போதுமே கத்த ஆள் இல்லை!' என்று நினைத்துப் பாய்ந்தார்.

அவ்வளவுதான். சுற்றுலா தொடங்கியது!

முரசி நொண்டி நொண்டி ஈச்சம்புதருக்குள் நுழைந்தாள். "நரியண்ணே, இதுதான் நீங்க சொன்ன ஈச்சந்தோப்பு! பழம் தானா வாயில வந்து விழும்னீங்களே? வாயைத் திறங்க!"

நரியார் அவளைக் கவ்வத்தான் வாயைத் திறந்தார். பழம் விழவில்லை. ஊசி ஊசியான ஈச்சமுள் மூக்கிலும் நாக்கிலும் ஏறியது. "ஆ!" என்று துள்ளினார்.

"அதுக்குள்ள கத்தினா எப்படி? இன்னும் எவ்வளவு இடம் இருக்கு! இதோ, கீழ்மூலை. பஞ்சு மெத்தை!"

முரசி லேசான உடம்போடு சேற்றின் மேல் தத்தித் தத்தி ஓடினாள். மேலே ஆடை கட்டிய பால்போலக் காய்ந்திருந்த சேறு, நரியாரின் எடை பட்டதும் உள்வாங்கியது. வயிறு வரைக்கும் இறங்கிவிட்டார். ஒரு காலைப் பிடுங்கினால் மறுகால் புதைந்தது. புரண்டு, உருண்டு, கரையேறியபோது வால் எது, கால் எது என்று தெரியாத அளவுக்குச் சேறு.

"மெத்தை பிடிச்சிருந்ததா அண்ணே? வாங்க, குளுகுளுன்னு காத்துப்பாறைக்குப் போவோம்!"

காற்றுப்பாறையில் காற்றும் இல்லை, நிழலும் இல்லை. கத்திரி வெயிலில் காலையிலிருந்து காய்ந்த மொட்டைப் பாறை. நரியார் ஒரு காலைத் தூக்கினால் மற்ற மூன்றும் சுட்டன. மூன்றைத் தூக்க வழியில்லை. பாறை முழுக்கக் குதித்துக் குதித்து ஓடினார். வலியும் கோபமும் அவரை வேகமாக்கிவிட்டன. திடீரென்று ஒரே பாய்ச்சல்!

முரசிக்கு முதுகுக்குப் பின்னால் சூடான மூச்சு பட்டது. வால் இறகு ஒன்று வெடுக்கென்று பிடுங்கப்பட்டது. இன்னும் ஒரு விரற்கடை முன்னால் பாய்ந்திருந்தால் கதை முடிந்திருக்கும். பாறை விளிம்பில் நின்று, இரண்டு றெக்கையையும் முழுதாக விரித்து மேலே எழும்பினாள்.

நரியாரால் நிற்க முடியவில்லை. விளிம்பைத் தாண்டிச் சறுக்கி, உருண்டு, ஓடை மடுவில் 'தொப்'பென்று போய் விழுந்தார்.

மடுவில் ஊரே இருந்தது. எருமைக்குத் தண்ணீர் வாசனை வந்ததும் மற்ற இடங்களை எல்லாம் விட்டுவிட்டு நேரே இங்கேதான் வந்திருந்தார்கள். செவ்வந்தி கழுத்தளவு தண்ணீரில் கண்மூடிக் கிடந்தாள். தளுக்கன் ஒரு கல்லின் மேல் நின்று, "அடுத்த கோடைக்கும் நானே தலைமை ஏற்று..." என்று பேசிக்கொண்டிருந்தான்.

எல்லாரும் நரியாரைப் பார்த்தார்கள். பாதி சேறு, பாதி முள்.

"பின்னாலயே வரேன்னு சொன்னீங்களே, இவ்வளவு பின்னாலயா?" என்று ஒரு முயல் கேட்டது.

"வந்து... உங்களைத்தான் தேடி..." என்று நரியார் வாயைத் திறந்தார். வாயிலிருந்து ஓர் இறகு தண்ணீரில் விழுந்தது. வெள்ளையில் கறுப்புப் பட்டை போட்ட வால் இறகு. அது மிதந்து மிதந்து தளுக்கன் நின்ற கல்லுக்கே வந்து சேர்ந்தது.

தளுக்கன் அதைப் பார்த்தான். மெல்லத் தலையைத் தூக்கினான். பாறை உச்சியில் முரசி நின்றாள்.

"காலையில நான் கத்தினது கேட்டதா?" என்று கேட்டாள்.

செவ்வந்திதான் வாயைத் திறந்தாள். "கேட்டுச்சு."

"கேட்டு?"

"'பாரு, இங்கேயும் நம்மளை விடமாட்டேங்கறா'ன்னு சொல்லிச் சிரிச்சோம்." செவ்வந்தி தண்ணீரிலிருந்து மெல்ல எழுந்தாள். கொம்பைத் தாழ்த்தினாள். "முதல்ல இந்த ஆளைக் கவனிச்சுக்கறேன் முரசி. வெட்கப்பட எனக்கு அப்புறமா நேரம் இருக்கு."

நரியார் அதற்கு மேல் நிற்கவில்லை. வந்த வழியே ஓடினார். முதலில் பாறை, அடுத்து சேறு, கடைசியில் ஈச்சமுள். அவர் போட்ட திட்டத்தில் இருந்த எல்லா இடங்களையும் போகவர இரண்டு தடவை பார்த்த ஒரே ஆள் அவர்தான்! அன்றோடு அந்தக் குட்டைப் பக்கமே அவரைக் காணோம்.

"முரசி... முட்டை?" தளுக்கன் கல்லின் விளிம்புக்கு ஓடி வந்தான்.

"ஆமை அண்ணாச்சி நிழல் கொடுத்துட்டு நிக்கறார். இந்நேரம் அவர் ஓட்டு ஈரம் காய்ஞ்சிருக்கும்."

தளுக்கன் மடுவில் விழுந்து வயிற்றை நனைத்துக்கொண்டு பறக்க எழும்பினான். பாதியில் திரும்பிப் பார்த்தான். "நீ வரலையா?"

முரசி மருத மர நிழலில் இறங்கினாள். குளிர்ந்த தண்ணீரில் மெல்ல வயிற்றை அமிழ்த்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"வரேன், வரேன். வெயில் சாயட்டும். பக்கத்துலதானே? கூப்பிட்டா கேட்கற தூரம்!"

அன்று மாலைவரை தளுக்கன் தண்ணீருக்கும் முட்டைக்குமாக ஓடினான். அவன் ஓடும் நேரமெல்லாம் அண்ணாச்சி நிழல் கொடுத்தார். முரசி திரும்பி வந்தபோது அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இத்தனை வருஷத்துல நான் போய்ச் சேர்ந்த சுற்றுலா இது ஒண்ணுதான்!" என்றார்.

சில நாட்களில் நான்கு முட்டைகளும் பொரிந்தன. நான்கும் வெளியே வந்ததுமே கத்தின. நான்குமே வாயாடிகள்!

அதன்பிறகு நாவல் குட்டையில் எல்லாரும் முறை வைத்துத்தான் மடுவுக்குப் போனார்கள். கரையில் எப்போதும் பாதிப் பேர் இருந்தார்கள். அருமையான யோசனை, அதைச் சொன்னது செவ்வந்திதான் என்று நாமக்கோழிகள் பேசிக்கொண்டன. முரசி அதற்கும் வாதாடினாள். செவ்வந்தியே சாட்சி சொன்னதால் ஜெயித்தாள்.

நாம் ஓய்வெடுக்க வேண்டும் என்று நம்மைவிட அதிகமாக ஒருவர் ஆசைப்பட்டால், நாம் இல்லாத நேரத்தில் அவருக்கு இங்கே என்ன வேலை என்று முதலில் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பவரை வாயாடி என்று சொல்லி அடக்கவும் கூடாது.